மியூஸ்கோர்: ஐந்து பேர் பிராஸ் குழுவுக்கு எழுதப் போதுமா?

ட்ரம்பெற், ட்ரொம்போன் போன்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் சேர்ந்த பிராஸ் குழுவுக்குச் சுத்தமாக எழுதி, ஆளுக்கொரு பார்ட் (அவரவர் வாசிக்கும் பகுதி) பிரித்து அச்சடித்துக் கொடுக்க, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்கோர் தாராளமாகப் போதும். எழுதியதைக் கணினியில் ஓடவிட்டுக் கேட்டு, "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று முடிவெடுக்க அது போதாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதிய பார்ட்டுகள்தான் முதல் ஒத்திகையிலேயே படுத்துவிடுகின்றன. மென்பொருள் இலவசம், தரமும் குறைவில்லை. ஆனால் அது ஊதுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, அதற்கு உதடும் களைப்பதில்லை.

இலங்கையின் வன்னியில் இதன் தேவை எங்கே வருகிறது என்பதைப் பாண்ட் பழக்குகிற மாஸ்டர்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, கோவில் பெருவிழா, ஆவணியில் மடு மாதா கோவிலுக்குப் போகும் காலம் என்று வாசிக்க இடம் இருக்கிறது. வாசிக்கிற உருப்படிதான் பொருந்துவதில்லை. இணையத்தில் கிடைக்கும் பிராஸ் குவின்ரெற் (ஐவர் குழு) தாள்கள் அநேகமாக இரண்டு ட்ரம்பெற், ஒரு எஃப் ஹோர்ன், ட்ரொம்போன், டியூபா என்ற கணக்கில் இருக்கும். உங்களிடம் மூன்று ட்ரம்பெற்றும், ஒரு இ பிளாட் டெனர் ஹோர்னும், அடியில் ஒரு இயூபோனியமும்தான் இருந்தால் அந்தத் தாளை அப்படியே வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பெயர்பெற்ற குழுக்களே இதில் ஒரே மாதிரி இல்லை: 1960இல் தொடங்கிய அமெரிக்கன் பிராஸ் குவின்ரெற் அடிச்சுரத்துக்கு டியூபா வைக்காமல் பாஸ் ட்ரொம்போன் வைத்தது, 1970இல் தொடங்கிய கனேடியன் பிராஸ் டியூபா வைத்தது. ஆகவே இருக்கிற வாத்தியத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை.

முதலில் எங்கே தரவிறக்குவது என்பது. தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் மியூஸ்கோர் டொட் கொம். அது தாள்களைப் பகிரும் தளம். அங்கே இலவசச் சோதனைக் காலம் என்று அட்டை இலக்கம் கேட்பார்கள், காலம் முடிந்ததும் சந்தா தானாகக் கழியத் தொடங்கும். எழுதும் மென்பொருள் இருப்பது மியூஸ்கோர் டொட் ஓர்க் தளத்தில். அதற்குப் பணமும் இல்லை, அட்டையும் வேண்டாம். இப்போது அதன் பெயர் மியூஸ்கோர் ஸ்டூடியோ. கைப்பேசிச் செயலியை நம்பி இறங்க வேண்டாம், அது தாளைப் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே, எழுத முடியாது.

2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்புக்கு 64 பிற் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பாடசாலைக் கணினிக் கூடத்தில் விண்டோஸ் 7இல் ஓடுகிற பழைய பெட்டிகள்தான் என்றால் 3.6.2 பதிப்பைப் போடுங்கள், பார்ட் எழுத அதுவும் போதும். ஒரு பொறி மட்டும் இருக்கிறது: நான்கில் சேமித்த கோப்பை மூன்று திறக்காது. வீட்டில் புதிய மடிக்கணினியில் எழுதி பாடசாலைக் கணினியில் திருத்த நினைப்பவர்கள் எல்லா இசை மென்பொருளும் படிக்கும் மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுமதி செய்து கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகையில் சுரங்கள் அப்படியே வரும், பக்க அமைப்பு கொஞ்சம் குழம்பும்.

மியூஸ் சவுண்ட்ஸ் என்ற தரமான ஒலித்தொகுப்பும் இலவசம்தான். ஆனால் அதைத் தனியாக மியூஸ் ஹப் வழியாக இறக்க வேண்டும், அளவும் பெரிது. கைப்பேசி டேட்டாவில் இறக்கினால் பக்கேஜ் முடிந்துவிடும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் போட்டால் திணறும். கூடவே வருகிற சாதாரண ஒலி கீச்சென்றிருக்கும். பிழை பிடிக்க அதுவே போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. ஏன் என்பது கீழே வரும்.

திறந்ததும் புதிய ஸ்கோர் கேட்கும் இடத்தில் சேம்பர் மியூசிக் பகுதிக்குள் பிராஸ் குவின்ரெற் வார்ப்புரு தயாராக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வாத்தியங்களை மாற்றுங்கள். இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். கிளெஃப் என்பது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி. வார்ப்புருவில் ட்ரொம்போனும் டியூபாவும் பாஸ் கிளெஃபில், கேட்கும் சுருதியிலேயே எழுதப்படும். பிரித்தானிய பிராஸ் பாண்ட் முறையில் பழகியவர்களோ ட்ரெபிள் கிளெஃபில் வாசிப்பார்கள். அந்த முறையில் பி பிளாட் இயூபோனியம் எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச்சுரமும் கீழே ஒலிக்கும், இ பிளாட் டெனர் ஹோர்ன் மேஜர் ஆறாம் (ஒன்பது அரைச் சுரம்) கீழே ஒலிக்கும். பி பிளாட் ட்ரம்பெற் ஒரு முழுச்சுரம் கீழே, எஃப் ஹோர்ன் பேர்ஃபெக்ற் ஐந்தாம் (ஏழு அரைச் சுரம்) கீழே. வாத்தியப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை இருக்கும், ஒன்றுக்குப் பக்கத்தில் ட்ரெபிள் கிளெஃப் என்று போட்டிருக்கும். உங்கள் பிள்ளை எதைப் படித்தாரோ அதையே தேர்ந்தெடுங்கள். பாஸ் கிளெஃப் வாத்தியத்தைத் தெரிந்துவிட்டு, பிறகு கிளெஃப் குறியை மட்டும் இழுத்துப்போட்டு மாற்றினால் ட்ரான்ஸ்பொசிஷன் (எழுத்துக்கும் கேட்கும் சுருதிக்கும் உள்ள இடைவெளி) மாறாது. தாள் பார்க்க அழகாக இருக்கும், ஊதினால் வேறு சுரம் வரும்.

எஃப் ஹோர்ன் இல்லாத குழுவுக்கு அந்தப் பார்ட்டை இ பிளாட் டெனர் ஹோர்னுக்குக் கொடுப்பதுதான் சுகமான வழி. கையால் செய்வதென்றால் எழுதிய ஒவ்வொரு சுரத்தையும் ஒரு முழுச்சுரம் ஏற்ற வேண்டும். மியூஸ்கோரில் ஸ்ராஃபை (சுரம் எழுதும் ஐந்து கோடுகளை) வலச் சொடுக்கி, பண்புகள் பெட்டியில் வாத்தியத்தை மாற்றினால் தானே ஏற்றிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே கைப்பிரதி எழுதுகிறவர்கள் கணினிக்கு மாறலாம்.

அடியில் கொன்சேர்ட் பிட்ச் என்று ஒரு பொத்தான் உண்டு. அமர்த்தியிருந்தால் எல்லாப் பார்ட்டும் கேட்கும் சுருதியில் தெரியும், இசைவு பார்த்து எழுத அது வசதி. அணைக்க மறந்து அச்சடித்தால் ட்ரம்பெற் ஒரு முழுச்சுரம் கீழே நின்று எல்லாரோடும் மோதும். அச்சுக்கு முன் ஒவ்வொரு பார்ட்டையும் திறந்து பாருங்கள். கண்ணால் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது: ட்ரொம்போனின் கீ சிக்னேச்சரைவிட (வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஷார்ப், பிளாட் குறிகள்) பி பிளாட் வாத்தியங்களுக்கு இரண்டு ஷார்ப் கூட இருக்க வேண்டும், அல்லது இரண்டு பிளாட் குறைய வேண்டும். எஃப் ஹோர்னுக்கு இந்த வித்தியாசம் ஒன்று, இ பிளாட்டுக்கு மூன்று. அப்படி இல்லையென்றால் பொத்தான் அமர்ந்து கிடக்கிறது.

சுருதி தெரிவில் மென்பொருள் உங்களுக்கு உதவாது, எதை எழுதினாலும் வாசிக்கும். பாடகர் இரண்டு கட்டையில் பாடுகிற பாட்டை அப்படியே டி மேஜரில் எழுதினால் ட்ரம்பெற்றுக்கு நான்கு ஷார்ப், ஹோர்னுக்கு மூன்று. பழகுகிற பிள்ளை அங்கேயே தடுக்கி விழும். அரைச் சுரம் ஏற்றி இரண்டரைக் கட்டையில், அதாவது இ பிளாட்டில் வைத்தால் ட்ரம்பெற்றுக்கு ஒரு பிளாட், ஹோர்னுக்கு இரண்டு. பாட்டுக்குத் துணையாக வாசிக்காமல் தனியே வாசிக்கிறீர்கள் என்றால் பி பிளாட், இ பிளாட், எஃப் மூன்றுக்குள் நின்றுவிடுங்கள். முழுவதையும் தெரிந்து ட்ரான்ஸ்போஸ் கட்டளை கொடுத்தால் சில நொடிகளில் முடிகிற வேலை.

நம்முடைய இராகங்களைப் பிராஸில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் மோகனத்தில் தொடங்குவது நல்லது. பி பிளாட் சுருதியில் ட்ரம்பெற்றுக்கு அது எழுத்தில் சி, டி, இ, ஜி, ஏ, ஒரு தொல்லையும் இல்லை. மாயாமாளவகௌளை வேறு கதை. அதே சுருதியில் சுத்த ரிஷபம் டி பிளாட்டாக வரும். கீழ் ஸ்தாயி டி பிளாட்டை ட்ரம்பெற்றில் மூன்று வால்வும் சேர்த்து அமுக்கித்தான் எடுக்க வேண்டும், அது சுருதி ஏறி நிற்கும். காரணம் எளிது: ஒவ்வொரு வால்வின் குழாய் நீளமும் திறந்த வாத்தியத்துக்குக் கணக்கிட்டது. மூன்றும் சேரும்போது மொத்தக் குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டதால் இன்னும் கொஞ்சம் நீளம் தேவைப்படுகிறது, அது அங்கே இல்லை. மூன்றாம் வால்வுச் சறுக்கியை (நீட்டக்கூடிய குழாயை) விரலால் வெளியே தள்ளி ஈடுகட்டலாம். பாடசாலை வாத்தியங்களில் அந்தச் சறுக்கி இறுகிக் கிடந்தால், எண்ணெய் போட்டு விடுவித்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள். மேல் டி பிளாட் ஒன்றும் இரண்டும் அமுக்கினால் வரும், சுருதியும் ஏறக்குறைய நிற்கும். கமகத்தைக் குறியீட்டில் முழுக்க எழுதப் பார்க்க வேண்டாம். கால் சுரக் குறிகள் மியூஸ்கோரில் இருக்கின்றன, பிள்ளைக்கு அவை வாசிக்கத் தெரியாது. சறுக்கல் கோடு போட்டு ட்ரொம்போனுக்குக் கொடுத்தால் பாதி வேலை தானே நடக்கும். நாதஸ்வரம் செய்வதைப் பிராஸ் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை.

ட்ரொம்போனுக்கு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அடி பி பிளாட் சறுக்கியின் முதலாம் நிலையில் வரும், அதற்கு அரைச் சுரம் மேலே இருக்கும் பி நெச்சுரல் ஏழாம் நிலையில் வரும். தாளில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், கையிலோ சறுக்கியின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் இடையிலான தூரம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏழாம் நிலை பெரும்பாலும் எட்டாது. எஃப் அற்றாச்மென்ற் (கட்டைவிரலால் இயக்கும் கூடுதல் குழாய்) இல்லாத வாத்தியம் என்றால் அந்த பி நெச்சுரலையும் அதற்குக் கீழே உள்ள இ சுரத்தையும் பார்ட்டில் இருந்தே எடுத்துவிடுங்கள். கணினி இரண்டையும் அட்டகாசமாக வாசித்துக் காட்டும்.

இப்போது அந்தக் கேட்டுப் பார்க்கும் விசயத்துக்கு வரலாம். குரோச்சற் (ஒரு தட்டு) நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில் நாலுக்கு நால் தாளத்தில் நான்கு பார் (தாளக் கட்டம்) நீளும் ஒரு சுரம் என்றால் 9.6 நொடி. மியூஸ்கோரில் டியூபா அந்தச் சுரத்தை ஃபோர்ட்டேயில் (உரத்து) ஒரே மூச்சில் பிடிக்கும். பழகிய ஆளுக்கே கடினம், பிள்ளையால் நினைத்தும் பார்க்க முடியாது. டியூபா காற்றை விழுங்குகிற வாத்தியம், சத்தம் கூடக் கூட இன்னும் விழுங்கும். இரண்டு பாருக்கு ஒருமுறை ஒரு குவேவர் (அரைத் தட்டு) இடைவெளியாவது விடுங்கள், அந்த இடத்தில் ட்ரொம்போன் அடியைத் தாங்கட்டும். மூச்சுக்குறி பலெற்றில் (குறிகளின் பட்டியலில்) இருக்கிறது. குறி போட்டால் மட்டும் போதாது, காற்றுக்குரிய நேரத்தைச் சுரத்தில் இருந்தே வெட்டிக் கொடுக்க வேண்டும்.

உதடும் அப்படித்தான். முதலாம் ட்ரம்பெற்றை எட்டுப் பாருக்கு மேல் ஸ்ராஃபின் உச்சியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த எட்டில் சத்தம் மெலியும், அதற்கடுத்ததில் சுரம் வழுக்கும். மெட்டை இரண்டாம் ட்ரம்பெற்றுக்கும் ஹோர்னுக்கும் கைமாற்றுங்கள். மியூஸ்கோர் வாத்தியத்தின் எல்லையைத் தாண்டிய சுரங்களை நிறம் மாற்றிக் காட்டும். பழகுநர் எல்லை கடந்தால் மஞ்சள் கலந்த நிறம், தொழில்முறை எல்லையும் கடந்தால் சிவப்பு. நல்ல வசதிதான், ஆனால் மஞ்சள் தட்டவில்லை என்பது பிள்ளைக்கு வசதியான உயரம் என்பதற்கு உத்தரவாதமல்ல. இரண்டு மூன்று ஆண்டு பழகியவர்களுக்கு ட்ரம்பெற்றில் எழுத்துச் சி முதல் ஸ்ராஃபுக்கு மேலே உள்ள ஜி வரை, இரண்டாம் ட்ரம்பெற்றுக்கு நாலாம் கோட்டு டி சுரத்தைத் தாண்டாமல், ட்ரொம்போனுக்கு கேட்கும் சுருதியில் ஸ்ராஃபுக்குக் கீழே உள்ள எஃப் முதல் ஸ்ராஃபுக்கு மேலே உள்ள டி வரை என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

சமநிலையில்தான் மென்பொருள் அதிகம் ஏமாற்றும். மியூஸ் சவுண்ட்ஸ் போட்டிருந்தால் ஐந்து வாத்தியமும் மண்டபத்தில் நல்லபடி கலந்து கேட்கும், கூடவே எதிரொலியும் பூசியிருக்கும். உங்கள் குழு வாசிக்கப் போவது விளையாட்டுத் திடலில். அங்கே எதிரொலி இல்லை, காற்று இருக்கிறது. ட்ரம்பெற்றின் வாய் நேரே பார்க்கும், சத்தம் முன்னே போகும். எஃப் ஹோர்னின் வாய் பின்னே பார்க்கும், பின்னால் சுவர் இல்லாவிட்டால் அந்தப் பார்ட் யாருக்கும் கேட்காது. டியூபாவும் வானத்துக்குத்தான் வாசிக்கும். ஆகவே ட்ரம்பெற்றுக்கு மெஸோ ஃபோர்ட்டே (நடுத்தரச் சத்தம்) என்றால் ஹோர்னுக்கு ஃபோர்ட்டே போடுங்கள். மிக்சரைத் திறந்து எதிரொலியை அணைத்துவிட்டு சாதாரண ஒலியில் கேளுங்கள். கீச்சென்று, வறட்சியாக, இடைவெளிகள் பல்லிளிக்கக் கேட்கும். திடலில் கேட்கப் போவதற்கு அதுதான் கிட்ட.

அடிச்சுரங்களை நெருக்கி எழுதுவதும் கணினியில் தெரியாத பிழை. டியூபாவுக்கும் ட்ரொம்போனுக்கும் இடையில் பாஸ் கிளெஃபின் இரண்டாம் இடைவெளியில் உள்ள சி சுரத்துக்குக் கீழே, ஒன்றுக்கொன்று மூன்றாம் (தேர்ட்) தூரத்தில் சுரம் வைத்தால் ஒரே உறுமலாகிவிடும். அங்கே ஸ்தாயியோ ஐந்தாமோ வையுங்கள், மூன்றாமை ஹோர்னுக்கு ஏற்றிவிடுங்கள். கீபோர்டில் இசைவுகளை ஒரே ஸ்ராஃபில் அடித்து, எக்ஸ்புளோட் கட்டளையால் ஐந்து வாத்தியத்துக்கும் பரப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தக் கட்டளை மேலிருந்து கீழாகச் சுரத்தைப் பங்கிடுமே தவிர, எது யாருக்கு வசதி என்று பார்க்காது. அதன் பிறகு ஒவ்வொரு பார்ட்டையும் தனியே பாடிப் பாருங்கள். பாட முடியாமல் தாவித் தாவிப் போகிற பார்ட்டை ஊதவும் முடியாது.

சுருதியும் அப்படியே. கணினிக்கு வெயில் இல்லை. வைகாசி வெயிலில் சூடேறிய வாத்தியத்தின் சுருதி ஏறும், சூடான காற்றில் ஒலி விரைவாகப் போவதால். கீபோர்ட் ஏறாது. இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் தொடங்குவதற்கு முன் ட்யூனிங் சறுக்கியை இழுக்க நேரம் விடுங்கள். ட்ரம்பெற்றில் நாலாம் இடைவெளி இ திறந்த நிலையில் கொஞ்சம் இறங்கி நிற்கும் சுரம், இயற்கை ஹார்மோனிக்கில் ஐந்தாவது அது, கீபோர்டின் சமப்பிரிப்பைவிட 14 சென்ற் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) குறைவு. மேஜர் இசைவின் மூன்றாமாக அது வந்தால் இனிக்கும், கீபோர்டோடு ஒரே சுரமாக நீட்டினால் கடிக்கும். எந்த இடத்தில் நீட்டுகிறீர்கள் என்பதை எழுதும்போதே பாருங்கள்.

எழுதும் வேகத்துக்கு மியூஸ்கோரில் குறை சொல்ல இடமில்லை. N எழுத்தை அமுக்கினால் சுரப் பதிவு தொடங்கும், 5 குரோச்சற், 4 குவேவர், 6 மினிம், ஆங்கில எழுத்தே சுரம், கன்ட்ரோலோடு அம்புக்குறி ஸ்தாயி மாற்றும், R முந்தியதை மறுபடி எழுதும். அமெரிக்கப் பெயர்கள் குழப்பினால் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், நம்முடைய பாடத்திட்டத்தில் வருகிற குரோச்சற், குவேவர் வந்துவிடும். தானியங்கிச் சேமிப்பு இருக்கிறது, கரண்ட் போனால் மீட்டுத் தரும். அதற்காக முதற்தரம் கையால் சேமிக்காமல் எழுதிக்கொண்டே போகக் கூடாது.

தமிழ்த் தலைப்பும் பாடல் வரியும் போடலாம், எழுத்துருவைக் கவனித்தால். மியூஸ்கோரின் வழமையான எழுத்துருவில் தமிழ் இல்லை, பாணி அமைப்பில் தலைப்புக்கும் பாடல்வரிக்கும் நிர்மலா யூஐ அல்லது லதா என்று தந்துவிடுங்கள். பாமினியில் அடித்ததை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். பாடல் வரிக்குள் இடைவெளி விசை அடுத்த சுரத்துக்குப் போகும், கோடு அசையைப் பிரிக்கும்.

அச்சுக்கு முன் பக்க அளவு ஏ4 தானா என்று பார்க்கவும். லெற்றர் அளவில் இருந்தால் போட்டோக்கொப்பி கடையில் ஓரம் வெட்டுப்படும். ஸ்ராஃப் இடைவெளி வழமையில் 1.75 மில்லிமீற்றர், வெயிலில் நின்று இருவர் ஒரு தாளைப் பார்ப்பதென்றால் 2 ஆக்குங்கள். எல்லாப் பார்ட்டுக்கும் பிரயோகி என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் பெரிதாகும். வரிக்கு நான்கு பார் என்று உடைக்கவும் கட்டளை இருக்கிறது. கன்ட்ரோல் எம் ஒத்திகை எழுத்துப் போடும், எட்டுப் பாருக்கு ஒன்று போட்டுவிட்டால் "பி யிலிருந்து" என்று கத்தினால் எல்லாருக்கும் விளங்கும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கிறதா என்பதை மென்பொருள் பார்க்காது. ஒரு பார்ட் ஒரு பக்கத்துக்குள் நிற்குமாறு உருப்படியைச் சுருக்குவதே மேல்.

மற்ற மென்பொருள்கள்: சிபேலியசுக்குப் பணம் கட்ட வேண்டும், ஒரு பாடசாலைக் குழுவுக்கு அது வீண். ஃபினாலேயின் வளர்ச்சியை 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டார்கள், யாராவது இலவசமாகத் தந்தாலும் இனிப் பழக வேண்டாம். டோரிக்கோ எஸ்இ இலவசம், எட்டு வாசிப்பாளர் வரை எழுதலாம், ஐவருக்குப் போதும். பார்ட் அமைப்பை மியூஸ்கோரைவிட ஒழுங்காகத் தானே செய்யும். ஆனால் அதைப் பழக நாளாகும், பக்கத்துப் பாடசாலையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடைப்பது அரிது. அடுத்த மாஸ்டருக்கு ஒப்படைக்கிறபோது மியூஸ்கோர் கோப்பு, மியூசிக் எக்ஸ்எம்எல், ஒவ்வொரு பார்ட்டின் பிடிஎஃப் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, எந்தப் பார்ட் எந்த வாத்தியத்துக்கு, எந்தக் கிளெஃபில் என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள்.